லைட் பிடிக்கிற இடம்

கண்ணாடி மேஜைமேல் சுப்பராயன் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "எது வேணும்னு நீங்களே சொல்லுங்க சார். நான் சொன்னா வியாபாரம் பண்றேன்னுவீங்க." பிராட்வேயிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், மாடிப்படிக்குக் கீழே அடங்கிய கடை அது. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, காற்றுதான் கீழே இறங்கவில்லை. மே மாதத்து முற்பகல். மேத்யூ நின்றபடியே பெட்டிகளைப் பார்த்தான். அவனுடைய மாமனார் சிலுவைமுத்து கடையிலிருந்த ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, பாகப் பிரிவினைக்கு வந்த பங்காளியைப் பார்க்கிற மாதிரி அந்தப் பெட்டிகளை முறைத்துக்கொண்டிருந்தார்.

அவரை மேத்யூ கூட்டி வரவில்லை. அவராக வந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கும் பிள்ளைகள் அறுபத்திரண்டு பேரையும் பீடத்துக்கு முன்னால் நிறுத்தி ஒரு குரூப் போட்டோ எடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த வேலை மேத்யூவுடையது. போன வருஷம் அவன் போகவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இந்த வருஷம் சிஸ்டர் ஃப்ளோரா ராயபுரத்தில் இருக்கும் அவன் ஸ்டூடியோவுக்கே வந்து, பாஸ்போர்ட் போட்டோவுக்குக் காத்திருக்கிறவர்கள் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து, "நீ வர்றே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அது காதில் விழுந்த நாளிலிருந்து சிலுவைமுத்துவுக்கு ஒரே பேச்சுதான்.

"லைட்ட நான் புடிக்கிறேன் மாப்ள. முப்பத்திரண்டு வருசம் ஆர்பர்ல சரக்கு தூக்குற வின்ச்சு புடிச்ச கை. ஒரு கம்பு புடிக்க மாட்டனா?"

வேண்டாம் மாமா என்றான் மேத்யூ. ஒயர் இல்லாமல், ஆள் இல்லாமல் ப்ளாஷை வெட்டவைக்கிற ட்ரிகர் வந்திருக்கிறது, அதை வாங்கப்போகிறேன் என்றான்.

"அப்போ நானும் வர்ரேன். என் எடத்துல நிக்கப் போறவன் மூஞ்சிய நான் பாக்கணும்."

அது அவருடைய இடமும் இல்லை. அவர் மகள் ஜானட்டின் இடம்.

வேண்டியது சின்ன விஷயம். கேமரா தலையிலேயே ப்ளாஷை வைத்து அடித்தால் முகம் அப்பளம் மாதிரி தட்டையாக விழும். ப்ளாஷைக் கழற்றி இடப்பக்கம், ஆள் உயரத்துக்கு மேலே கொண்டுபோனால் மூக்குக்கு ஒரு நிழல், கன்னத்துக்கு ஒரு மேடு கிடைக்கும். மனிதர்கள் மனிதர்களாக வருவார்கள். ஆனால் கேமராவில் விரல் அழுத்துகிற அதே நொடியில் அங்கே வெளிச்சம் வெட்டியாக வேண்டும். அதற்கு இருபதடி ஒயர் ஒன்று இருந்தது. ஒயரின் அந்த நுனியில், அலுமினியக் கம்பின் உச்சியில் ப்ளாஷ். கம்பின் அடியில் ஜானட். கம்பு சிலுவைமுத்து செய்து கொடுத்தது. மகளுக்குக் கல்யாணமான முதல் மாசமே, கை வழுக்கக் கூடாதென்று பிடிக்கிற இடத்தில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி எடுத்து வந்து, "சீர்ல உட்டுப்போச்சு, வெச்சிக்கோங்க" என்று கொடுத்தார்.

ஒரு தடவை வெட்டினால் ப்ளாஷ் மறுபடி நிரம்ப ஆறேழு நொடி ஆகும். நிரம்பியதும் அதன் முதுகில் சிவப்பாக ஒரு பொட்டு எரியும். கேமரா பக்கம் இருப்பவனுக்கு அது தெரியாது. பின்னால் நிற்கிறவருக்குத்தான் தெரியும். ஜானட் பார்த்துவிட்டு "ம்" என்பாள். அவ்வளவுதான். சத்தமாகச் சொல்ல மாட்டாள். நாதஸ்வரமும் தவிலும் காதைக் கிழிக்கிற முகூர்த்த மேடையில்கூட அந்த "ம்" மேத்யூவுக்குக் கேட்கும். கேட்டதும் விரல் தானாக இறங்கும். நாலு வருஷம் அவன் ப்ளாஷைத் திரும்பிப் பார்த்ததே இல்லை.

"இது கண்ணு வச்சது" என்று சுப்பராயன் முதல் பெட்டியைத் திறந்தார். கட்டைவிரல் அளவு ஒரு கறுப்புத் துண்டு. "உங்க கேமராவுல ஒரு குட்டி ப்ளாஷ் அடிச்சா, அந்த வெளிச்சத்தப் பாத்து இதுவும் வெட்டும். வெல கம்மி. ஆனா யாரு அடிச்சாலும் வெட்டும்."

"பெத்தவங்க எல்லாரும் கேமராவோட நிப்பாங்க" என்றான் மேத்யூ.

"அதான். ஒவ்வொருத்தரும் அடிக்க அடிக்க இது பதில் சொல்லிக்கிட்டே இருக்கும். நீங்க அடிக்கும்போது காலியாயிருக்கும்."

"தெருவுல போறவன் விசில் அட்ச்சாலும் ஓடுற நாய் கணக்கா" என்றார் சிலுவைமுத்து. "இத வாணாம்."

இரண்டாவது பெட்டியைச் சுப்பராயன் திறக்கவில்லை. "இது அமெரிக்கா. தொடாதீங்க. தொட்டா வெல கேப்பீங்க, கேட்டா எனக்கும் சங்கடம்." மூன்றாவதிலிருந்து இரண்டு சின்னப் பெட்டிகளை எடுத்தார். ஒன்று கேமரா தலைக்கு, இன்னொன்று ப்ளாஷின் காலுக்கு. சைனா.

"இன்னாபா இது, சோப்பு டப்பா கணக்கா கீது?"

"சோப்பு டப்பாதான் பெரியவரே. உள்ள ரேடியோ. முப்பது மீட்டர் போகும், சுவரு குறுக்க வந்தாலும் போகும். ரெண்டு கொற. எப்பவாச்சும் யாரும் தொடாமலே தானா ஒரு தடவை வெட்டும், பயந்துக்காதீங்க. அப்புறம், உங்க பக்கத்துத் தெரு தேசப்பன் ஸ்டூடியோவுக்கும் இதேதான் குடுத்திருக்கேன். ரெண்டு பேரும் ஒரே சேனல்ல வச்சீங்கன்னா அவர் அங்க பட்டனை அமுக்க உங்க லைட்டு இங்க வெட்டும். இந்தக் குட்டி சுவிட்ச நெருப்புக்குச்சியால தள்ளி மாத்திக்குங்க."

மேத்யூ தன் பையிலிருந்து கேமராவையும் ப்ளாஷையும் எடுத்தான். சுப்பராயன் ப்ளாஷை வாங்கிக் கடையின் கோடியில், அட்டைப்பெட்டிகளுக்கு மேலே நிறுத்தினார். மேத்யூ பட்டனை அழுத்தினான். மூலையெல்லாம் வெள்ளையாகி அடங்கியது. பல்லி முட்டை இருந்த இடம்கூடத் தெரிந்தது. சிலுவைமுத்து கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"நடுவுல இன்னா போவுது?"

"கண்ணுக்குத் தெரியாது மாமா."

"செரி, அது தயாரா கீதுன்னு யாரு சொல்லுவாங்க?"

சுப்பராயன்தான் சொன்னார். "அது சொல்லாதுங்க. மனசுக்குள்ள ஆறு எண்ணிக்க வேண்டியதுதான்."

இந்தக் கடைக்கு வரக்கூடாது என்றுதான் மேத்யூ இருந்தான். மவுண்ட் ரோட்டில் இரண்டு கடை ஏறி இறங்கினான். ஒன்றில் இல்லை, ஒன்றில் அமெரிக்காதான் இருந்தது. இங்கே வந்தாலும் ஐந்து நிமிஷத்தில் வாங்கிக்கொண்டு போய்விடலாம், ஒன்றரை வருஷத்துக்கு முன் வந்தவனை யார் ஞாபகம் வைத்திருக்கப்போகிறார்கள் என்று நினைத்தான். ஞாபகம் வைத்துக்கொள்வதுதான் கடைக்காரர்களின் தொழில் என்பதை நினைக்கவில்லை.

"உங்களுக்கு இது புதுசா என்ன சார்?" பில் புத்தகத்தைத் தேடிக்கொண்டே சுப்பராயன் சொன்னார். "அன்னிக்கே கையில எடுத்துப் பாத்தீங்களே. அந்த மழை சமயத்துல. மிஸ்ஸஸ்தான் வாங்கு வாங்குன்னாங்க. இதோ, பெரியவர் உக்காந்திருக்காரே, இதே ஸ்டூல்ல உக்காந்துட்டு. ஜொரம்னு என்கிட்டயே தண்ணி வாங்கி மாத்திரை போட்டாங்க. மறுநாள் காலடிப்பேட்டைல கல்யாணம், காலைலேருந்து கம்பு புடிக்கணும், கை நிக்காது, நீங்களாவது சொல்லுங்கண்ணேன்னு என்கிட்ட பஞ்சாயத்து வச்சாங்க. நீங்கதான், நீ இருக்கும்போது இது எதுக்குன்னு சிரிச்சிட்டு பேட்டரி மட்டும் வாங்கிட்டுப் போனீங்க." பில் புத்தகம் கிடைத்துவிட்டது. "இப்பவாவது வாங்குறீங்களே. நல்லாருக்காங்களா அவங்க?"

மேத்யூ மேஜைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணாடிக்கு அடியில் பழைய பிலிம் சுருள்களின் விலைப்பட்டியல் ஒன்று மஞ்சளாகிக் கிடந்தது. அதில் எல்லா எண்களையும் படித்தான்.

சிலுவைமுத்து ஸ்டூலிலிருந்து எழுந்தார். எழுந்து, தான் உட்கார்ந்திருந்த பலகையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"நல்லா கீறா" என்றார்.

ட்ரிகரை வாங்கிக்கொண்டு இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். துறைமுக மதிலை ஒட்டிப் போகிற பஸ்ஸில் ஏறினால் அவர் வாய் மூடாது. எந்தக் கிரேன் எப்போது வந்தது, எந்த பெர்த்தில் கரி இறங்கும், எவன் எங்கே விரல் இழந்தான் என்று மதிலுக்கு அந்தப்பக்கம் நடப்பதையெல்லாம் பார்த்த மாதிரி சொல்லிக்கொண்டு வருவார். அன்றைக்கு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெளியே கண்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்றன. பஸ் நகரவில்லை. மேத்யூவின் மடியில் சோப்பு டப்பா இருந்தது.

2006 நவம்பரில் அவர்கள் தெருவில் ஒரு வாரம் முழங்கால் தண்ணீர் நின்றது. சாக்கடையும் மழையும் ஒன்றாகிப்போன தண்ணீர். அதில்தான் எல்லாரும் கடைக்குப் போனார்கள், பூசைக்குப் போனார்கள். தண்ணீர் வடிந்து சில நாள் கழித்து ஜானட்டுக்கு உடம்பு சுட்டது. கெண்டைக்காலில் வலி என்றாள். மழைக்காலத்தில் யாருக்குத்தான் சுடவில்லை. காலடிப்பேட்டைக் கல்யாணத்துக்கு இரண்டு மாசம் முன்பே பேசி வைத்திருந்தது. வேறு ஆள் கிடைக்கும். ஆனால் வேறு ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், கம்பை எங்கே சாய்ப்பது, எப்போது பின்வாங்குவது, "ம்" என்பது எப்போது என்று. "இன்னிக்கு மட்டும்" என்றான் மேத்யூ. அவள் விடிகாலையில் எழுந்து புடவை கட்டிக்கொண்டாள்.

அவள் அன்றைக்கு உட்காரவே இல்லை. பத்து மணிக்கு மேல் கம்பின் உச்சி ஆடியது. பதினொரு மணிவாக்கில் ஒரு தடவை "ம்" என்றாள், அவன் அழுத்தினான், லைட் வெட்டவில்லை. தாலி முடிந்து மாலை மாற்றுகிற படம். அவன் திரும்பாமலே, "பாத்துச் சொல்லு" என்றான். அதற்கும் "ம்" என்றாள்.

மறுநாள் கண் மஞ்சளாகி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது சிலுவைமுத்து கூடவே வந்தார். டாக்டர் சின்ன வயசுக்காரர். "எத்தனை நாளா ஜுரம்?" என்று கேட்டார். மேத்யூவுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க, அவளுடைய அப்பா நின்றுகொண்டிருந்தார். "நேத்து ராத்திரிலேருந்து" என்றான் மேத்யூ. அதாவது, கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு. எலிக்காய்ச்சல் என்று தெரிவதற்குள் சிறுநீரகம் நின்றுபோயிருந்தது. எட்டு நாள். அதற்கு முந்தைய இரண்டு நாளைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் ஏதாவது மாறியிருக்குமா என்று அவன் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடக்கூடும். அடக்கத்துக்கு வந்தவர்களுக்கும், முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்களுக்கும் அதே கணக்கைத்தான் சொன்னான். நேத்து ராத்திரிலேருந்து. சொல்லிச் சொல்லி அது உறைந்துவிட்டது.

அதற்கப்புறமும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்ததும் சிலுவைமுத்து தூக்குச்சட்டியோடு அவன் வீட்டுக்கு வந்தார். சங்கரா மீனோ வவ்வால் மீனோ, அத்தை வைத்த குழம்பு. அவனுக்குப் போட்டு, அவரும் போட்டுக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு அங்கேயே தரையில் ஒரு மணிநேரம் தூங்கிவிட்டுப் போவார். மேத்யூவின் அம்மா மணலி புதுநகரில் அக்காவோடு இருந்தாள், போனில் அழுவாள். சிநேகிதர்கள் முதல் மூன்று மாசம் வந்தார்கள். வாரத்தில் ஒரு நாள் அவன் வீட்டில் இன்னொரு ஆளின் மூச்சுச் சத்தம் கேட்டது என்றால், அது அந்தக் கிழவரின் குறட்டைதான். அது அந்தப் பொய்யின் மேல் நின்றுகொண்டிருந்தது என்பது மேத்யூவுக்குத் தெரியும்.

பஸ் ஒரு முழம் நகர்ந்து நின்றது.

"கண்ணாலத்துக்கு மொத நாளே ஜொரமா?" சிலுவைமுத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அதுக்கும் மொத நாள்லேருந்து மாமா."

"எவ்ளோ?"

"அளந்து பாக்கல. கழுத்துல கை வச்சா சுட்டுச்சு."

கண்டக்டர் வந்து சீட்டு கேட்டார். மேத்யூ இரண்டு ராயபுரம் வாங்கினான். சில்லறையைச் சட்டைப்பையில் போட்டான்.

"டாக்டராண்ட நேத்துலேருந்துன்ன."

"ஆமா."

"ரெண்டு வாட்டி கேட்டாரு அந்தப் புள்ள. நல்லா ரோசன பண்ணி சொல்லுங்கன்னு கேட்டாரு."

"ஆமா."

"நான் பக்கத்துல நின்னுகினு இருந்தேன்."

"அதனாலதான் அப்படிச் சொன்னேன்."

அவர் தலையை ஆட்டினார். கோபப்பட்டால் அவர் எப்படி இருப்பார் என்று மேத்யூவுக்குத் தெரியும். ஒரு தடவை மீன் மார்க்கெட்டில் பார்த்திருக்கிறான். இது அது இல்லை. கணக்கு வாத்தியார் போட்டுக்காட்டிய கணக்கைத் தானும் ஒருமுறை போட்டுப் பார்க்கிற பையன் மாதிரி உதடு மெல்ல அசைந்துகொண்டிருந்தது. ராயபுரத்தில் இறங்கினார்கள். அவர் வீட்டுக்கு இடப்பக்கம் போக வேண்டும். அவர் வலப்பக்கம், மேத்யூவின் வீட்டை நோக்கி நடந்தார். மேத்யூ பின்னால் போனான். கதவைத் திறந்ததும் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"கம்பு எங்க கீது?"

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து மேத்யூ அதை எடுத்துக் கொடுத்தான். உச்சியில் ஒயர் சுற்றியிருந்தது. சிலுவைமுத்து அதை அவசரமில்லாமல் பிரித்து, கையில் சுருட்டி, மேஜைமேல் வைத்தார். சைக்கிள் டியூப் சுற்றிய இடத்தில் நாலு விரல் பதிந்து வழவழவென்று ஆகியிருந்தது. அந்த இடத்தை அவர் பிடிக்கவில்லை. அதற்கு ஒரு சாண் கீழே பிடித்தார்.

"இத எட்துனு போறேன்."

"சரி மாமா."

வாசல்வரை வந்து மேத்யூ பார்த்தான். படுக்கப் போட்டு எடுத்துப் போனால் யார் மேலாவது இடிக்கும் என்றோ என்னவோ, கம்பைச் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார். தேர்ப் பவனிக்கு முன்னால் சிலுவை எடுத்துப் போகிறவர் அப்படித்தான் நடப்பார். தெருமுனையில் கேரம் விளையாடிக்கொண்டிருந்த ஒருவன், "இன்னா நைனா, யாரு வூட்டு மாங்கா?" என்று கேட்டதும், மற்றவர்கள் சிரித்ததும் இங்கே கேட்டது. அவர் நிற்கவில்லை.

வியாழன் அது. வெள்ளி, சனி இரண்டு நாளும் மேத்யூ ஸ்டூடியோவில் ட்ரிகரை வைத்துப் பார்த்தான். நெருப்புக்குச்சியால் சேனலை மாற்றினான். பத்தடியில், இருபதடியில், சுவருக்கு அந்தப்பக்கம். அழுத்திய ஒவ்வொரு தடவையும் வெட்டியது. ஐம்பதுக்கு ஐம்பது. அது பழுதாக இருந்திருக்கக் கூடாதா. பழுதாக இருந்திருந்தால், அன்றைக்கு இதை வாங்கியிருந்தாலும் உதவியிருக்காது என்று ஒரு மூலையில் வைத்துக்கொள்ளலாம். அந்த மலிவு டப்பா அவனுக்கு அந்த இடத்தையும் விடவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அவன் பட்டனை அழுத்தாமலே ஒரு தடவை வெட்டியது. சுப்பராயன் சொன்ன குறைதான். காலி ஸ்டூல், நீலத் திரை, தலைசீவும் கண்ணாடி எல்லாம் வெளுத்து மறைந்தன. அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரேடியோ அலைக்கு யாரையும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பீடத்துக்கு முன்னால் பெஞ்சுகளைப் போட்டு சிஸ்டர் ஃப்ளோரா பிள்ளைகளை ஏற்றி நிறுத்தினார். பையன்கள் வெள்ளைச் சட்டை, பெண்பிள்ளைகள் வெள்ளைக் கவுன், தலையில் முக்காடும் பூமுடியும். கையில் அணைத்த மெழுகுவர்த்தி. இரண்டு பேருக்கு முக்காடு இடம் மாறிப்போய் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். பெற்றவர்கள் பக்கவாட்டில் கும்பலாக நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மேத்யூ இடப்பக்கம், பக்கக் கதவுக்கு அருகில் புது ஸ்டாண்டை நிறுத்தினான். மூன்று காலையும் விரித்து, உச்சியில் ப்ளாஷைப் பூட்டி, டப்பாவைச் செருகினான். நடுவழிக்கு வந்து கேமராவை முக்காலியில் வைத்தான். லைட்டுக்கும் அவனுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. பிள்ளைகள் ஒயரைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். யாரும் யாரையும் "பாத்து, பாத்து" என்று சொல்ல வேண்டாம்.

"இன்னாபா போட்டோகாரரே, லைட்டு மட்டும் தனியா நிக்குது, புடிக்க ஆளு இல்லியா?" என்றார் ஒரு தகப்பன், சட்டையில் இன்னும் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது.

"வேணாங்க. தானா வெட்டும்."

"பரவால்லியே. சம்பளமும் கேக்காது, சோறும் கேக்காது."

இடப்பக்கம் நாலாவது பெஞ்சில் சிலுவைமுத்து உட்கார்ந்திருந்தார். பூசைக்கு வந்தவர் எழுந்து போகாமல் இருந்தார். ஸ்டாண்டுக்கு நேர் பின்னால் இருக்கிற இடம் அது. வருஷா வருஷம் அங்கேதான் உட்காருவார். மகள் லைட் பிடிப்பதை அங்கிருந்துதான் பார்ப்பார். தூக்குச்சட்டி பக்கத்தில் இல்லை. மேத்யூ அதை முதலில் பார்த்தான்.

"ரெடியா மேத்யூ?" என்றார் சிஸ்டர்.

அவன் குனிந்து கேமராவில் கண்ணை வைத்தான். சட்டத்துக்குள் அறுபத்திரண்டு முகம். ஒரு படம் எடுத்தான். வெட்டியது. பின்வரிசையில் ஒருவன் கண் மூடிவிட்டான், இன்னொன்று வேண்டும். அப்படியே குனிந்திருந்தான். ஒன்று, இரண்டு என்று எண்ணினான். ஆறு வந்தது. விரல் பட்டன்மேல் இருந்தது. பத்து வந்தது. விரல் இறங்கவில்லை. எண்ணுவதை விட்டுவிட்டான். தான் எதற்காக நிற்கிறான் என்பது அவனுக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. காது இடப்பக்கம் போய் நின்றுகொண்டிருந்தது.

பிள்ளைகள் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சிரிப்பு ஒவ்வொரு முகத்திலும் மெல்லத் தளர்ந்தது. பெற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். படம் எடுக்கிறவன் ஏதோ முக்கியமான ஒன்றுக்காகக் காத்திருக்கிறான் என்று எல்லாருமே அவனோடு சேர்ந்து காத்திருந்தார்கள். கோயில் அவ்வளவு அமைதியாக இருந்ததை மேத்யூ பூசையில்கூடக் கேட்டதில்லை. உயரத்தில் விசிறியின் கிறீச்சு. வெளியே எண்ணூர் ரோட்டில் லாரி.

அவன் தலையைத் தூக்கி இடப்பக்கம் பார்த்தான்.

சிலுவைமுத்து லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ப்ளாஷின் முதுகு அவர் பக்கம்தான் இருந்தது. சிவப்புப் பொட்டு எப்போதோ எரிந்திருக்கும். அது அவருக்குத் தெரியும். நாலு வருஷம் பார்த்தவர். பொட்டிலிருந்து அவர் கண் மேத்யூவுக்கு வந்தது. அவன் எதற்கு நிற்கிறான் என்பது அந்தக் கோயிலில் அவனைத் தவிர ஒரே ஒருவருக்குத்தான் தெரிந்தது. அவர் வாய் கொஞ்சம் திறந்தது. மேத்யூ மறுபடி குனிந்து கண்ணை வைத்தான்.

பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது. செருப்பில்லாத கால் நாலு எட்டு நடந்தது. பக்கக் கதவின் கீல் கடல் உப்புக்குத் துருப்பிடித்தது. யார் திறந்தாலும் கத்தும். கத்தியது. அந்தச் சத்தத்தில் மேத்யூவின் விரல் இறங்கியது. லைட் வெட்டியது.

கேமராவின் பின்திரையில் படம் வந்தது. நிழல் சரியாக விழுந்திருந்தது. வெள்ளைத் துணியின் மடிப்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. யாருக்கும் கண் மூடவில்லை. ஆனால் ஒருவரும் கேமராவைப் பார்க்கவில்லை. அறுபத்திரண்டு பிள்ளைகளும், அழுது முடித்தவள் உட்பட, தலையை ஒரே பக்கம் திருப்பி, லைட் நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரிந்தவர் யாரோ அங்கே நிற்பது மாதிரி. மேத்யூ படத்தைப் பெரிதாக்கி வரிசை வரிசையாக ஒவ்வொரு முகமாகப் போனான். எல்லாரும் அங்கேதான் பார்த்தார்கள்.

"நல்லா வந்திருக்கா?" சிஸ்டர் ஃப்ளோரா கேட்டார். "பிள்ளைங்களுக்குப் பசிக்கும். விட்றலாமா?"

"ம்" என்றான் மேத்யூ.

சிஸ்டர் கையைத் தட்டினார். பிள்ளைகள் பெஞ்சுகளிலிருந்து தொப்தொப்பென்று குதித்து, ஸ்டாண்டின் இரண்டு பக்கமும் பிரிந்து, திறந்து கிடந்த கதவு வழியாக வெயிலுக்குள் ஓடினார்கள். கடைசிப் பிள்ளையும் போன பிறகு மேத்யூ லைட்டுக்குப் பின்னால் போய் நின்றான். சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது.